ஒளி எழுதிய ஏடுகள்

நுழையும்முன்

ஒரு படைப்பு உருவாவதோடு அதன் பயணம் முடிந்துவிடுவதில்லை. அது காக்கப்படவும் வேண்டும். கல்லும் ஓலையும் தாளும் சுமந்த செய்திகளை இன்று மின்னணுக் கருவிகள் சுமக்கின்றன. திரைப்படங்களையும் குடும்ப நிகழ்வுகளையும் இல்லந்தோறும் கொண்டுசேர்த்த ஒளித்தகடுகளின் அமைப்பையும், அவற்றைப் படியெடுக்கும்போது எழும் இடர்களையும் இப்பாடம் விளக்குகிறது.

தமிழின் முதல் பேசும் படமாகப் போற்றப்படும் 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழும் தெலுங்கும் ஒலித்த அப்படத்தின் ஒரு படிகூட இன்று கிடைக்கவில்லை. அதைப் பற்றிய செய்திகள் எஞ்சியிருக்கின்றன, படம் எஞ்சவில்லை. படச்சுருள் சிதைவதற்குமுன் படியெடுத்துக் காக்கப்படாத படைப்புகளின் நிலை இதுவே. இந்தியத் திரைப்படங்களைத் தேடித் திரட்டிக் காக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964ஆம் ஆண்டில்தான் புனே நகரில் தொடங்கப்பட்டது.

படச்சுருளுக்கு நேர்ந்த இழப்பு, ஒளித்தகட்டுக்கும் நேரக்கூடும். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் திருமணம், காதணி விழா, பள்ளி ஆண்டு விழா முதலியவற்றின் ஒளிப்பதிவுகள் பெரும்பாலும் தகடுகளிலேயே வழங்கப்பட்டன. அத்தகடுகள் பல வீடுகளின் அலமாரிகளில் இன்றும் உள்ளன. ஆனால், புதிதாக வாங்கும் மடிக்கணினிகள் பலவற்றில் தகட்டை இடுவதற்கான இயக்கியே இல்லை. எனவே, தகட்டில் உள்ளதைக் காலத்தே படியெடுக்க வேண்டியுள்ளது. அவ்வாறு படியெடுக்க, தகட்டின் வகை, இயக்கியின் திறன், கோப்பின் வடிவம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இப்பொருத்தமே இணக்கம் எனப்படுகிறது.

ஒளி படிக்கும் தடம்

சி.டி. என வழங்கும் குறுந்தகட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் இணைந்து அதற்கான தரநிலையை 1980இல் வகுத்தன. 1982இல் அது விற்பனைக்கு வந்தது. தகட்டின் உட்புறத்திலிருந்து வெளிவிளிம்பு நோக்கி ஒரே தடம் சுருள் வடிவில் செல்கிறது. அதை நீட்டி விரித்தால் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீளும். அத்தடத்தில் நுண்ணிய குழிகளும் அவற்றிற்கிடையே சமதளங்களும் மாறிமாறி அமைந்துள்ளன. லேசர் ஒளி தடத்தின்மீது விழுந்து திரும்பும்போது, குழியும் சமதளமும் மாறும் இடங்களில் ஒளியின் அளவும் மாறுகிறது. அம்மாற்றத்தையே கருவி ஒன்று, சுழியம் என்னும் எண்களாகப் படிக்கிறது.

இவை ஆலையில் அச்சிடப்படும் தகடுகள். கணினியில் நாம் எழுதும் தகட்டில் குழிகள் இல்லை. மாறாக, ஒளியால் நிறமாற்றம் அடையும் சாயப்பூச்சு உள்ளது. எழுதும் லேசர் அச்சாயத்தைச் சூடாக்கி அடையாளமிடுகிறது. படிக்கும் கருவி அந்த அடையாளத்தைக் குழியைப் போலவே உணர்கிறது. அழித்து எழுதத்தக்க தகட்டிலோ சாயத்திற்குப் பதிலாக, வெப்பத்தால் தன் நிலையை மாற்றிக்கொள்ளும் உலோகக் கலவை இருக்கிறது.

மூன்று தலைமுறைகள்

ஒளியின் அலைநீளம் குறையக் குறைய, அதை மேலும் சிறிய புள்ளியாகக் குவிக்க முடியும். புள்ளி சிறுத்தால் தடங்களை நெருக்கமாக அமைக்கலாம். அதே பரப்பில் மிகுதியான செய்தியை எழுதலாம். ஒளித்தகடுகளின் வளர்ச்சி முழுமையும் இவ்வொரு கருத்தைச் சார்ந்தே அமைந்தது.

குறுந்தகட்டைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர். அதில் தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், கொள்ளளவு ஏறத்தாழ 700 மெகாபைட். 1996இல் ஜப்பானில் அறிமுகமான டி.வி.டி.யில் 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் பயன்படுகிறது. தடங்களின் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டராகக் குறைந்ததால் ஓர் அடுக்கில் 4.7 கிகாபைட் கொள்கிறது. 2006இல் சந்தைக்கு வந்த புளூரே திரைப்படத் தகட்டை 405 நானோமீட்டர் நீலஊதா லேசர் படிக்கிறது. அதில் இடைவெளி 0.32 மைக்ரோமீட்டர், ஓர் அடுக்கின் கொள்ளளவு 25 கிகாபைட். 70 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒரு தலைமுடியின் அகலத்திற்குள் குறுந்தகட்டின் தடங்கள் நாற்பதுக்குமேல் அடங்கும். புளூரே தகட்டின் தடங்களோ இருநூறுக்குமேல் அடங்கும்.

திரைப்படத்தைக் குறுந்தகட்டில் பதியும் வி.சி.டி. தரநிலை 1993இல் உருவானது. ஒரு வி.சி.டி.யில் 74 முதல் 80 நிமிடக் காட்சிகளே கொள்ளும். இரண்டரை மணி நேரம் ஓடும் தமிழ்த் திரைப்படங்கள் இரண்டு அல்லது மூன்று தகடுகளாக விற்கப்பட்டதற்குக் காரணம் இதுவே. டி.வி.டி. வந்தபின் முழுப்படமும் ஒரே தகட்டில் அடங்கியது.

இயக்கி ஏன் மறுக்கிறது?

மூவகைத் தகடுகளும் தோற்றத்திலும் அளவிலும் ஒன்றுபோலவே உள்ளன. ஆயினும், குறுந்தகட்டு இயக்கியால் டி.வி.டி.யையோ, டி.வி.டி. இயக்கியால் புளூரே தகட்டையோ படிக்க இயலாது. புதிய இயக்கி பழைய தகட்டைப் படிப்பதும் தானாக நிகழ்வதன்று. பதிவுசெய்யத்தக்க குறுந்தகட்டின் சாயம் 780 நானோமீட்டர் ஒளிக்கென அமைந்தது. சிவப்பு லேசரை அது போதிய அளவில் திருப்பி அனுப்புவதில்லை. எனவே, தொடக்ககால டி.வி.டி. கருவிகள் பலவற்றில் வீட்டில் எழுதிய குறுந்தகடுகள் ஓடவில்லை. பின்னர், ஒரே கருவியில் இருவகை லேசர்களையும் பொருத்தி இக்குறையைப் போக்கினர்.

நிறுவனங்களின் போட்டியும் இணக்கத்தைக் குலைத்தது. பதிவுசெய்யத்தக்க டி.வி.டி.யில் 'கழித்தல் ஆர்', 'கூட்டல் ஆர்' என இரண்டு தரநிலைகள் தோன்றின. ஒன்றை எழுதும் இயக்கி மற்றொன்றை எழுதாத நிலை சில ஆண்டுகள் நீடித்தது. வாங்கிவந்த வெற்றுத்தகட்டை இயக்கி ஏற்காததால் பயனாளர் பலர் திகைத்தனர். இருவகையையும் எழுதும் இயக்கிகள் 2002 முதல் வந்தபின்பே இச்சிக்கல் தணிந்தது. புளூரேக்குப் போட்டியாகத் தோஷிபா நிறுவனம் முன்னிறுத்திய எச்.டி. டி.வி.டி. 2008இல் கைவிடப்பட்டது. அதை நம்பிப் படங்களை வாங்கியோரிடம் தகடுகள் இருந்தன. அவற்றை ஓட்டும் புதிய கருவிகள் வருவது நின்றது.

வேறு சில காரணங்களும் உள்ளன. அழித்து எழுதத்தக்க டி.வி.டி. குறைந்த ஒளியையே திருப்பி அனுப்பும். அதனால் பழைய கருவிகள் சில அதை இரட்டை அடுக்குத் தகடு எனத் தவறாக உணர்ந்து மறுத்தன. எழுதி முடித்த தகட்டுக்கு 'நிறைவு செய்தல்' என்னும் இறுதிப்படி உண்டு. அதைச் செய்யாத தகடு, எழுதிய இயக்கியில் திறந்தாலும் பிற கருவிகளில் திறவாமல் போகலாம்.

தெரிந்து தெளிவோம்

குறுந்தகட்டில் சிறு கீறல் விழுந்தாலும் பாட்டு தடையின்றி ஒலிப்பதற்குக் காரணம் ஒரு கணிதமுறை. இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் ஆகியோர் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்தக் குறியீட்டு முறையே அதற்கு அடிப்படை. அம்முறை, தடத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம் சிதைந்தாலும் இழந்த எண்களை மீட்டுத் தருகிறது.

படியெடுக்கும் முறை

டி.வி.டி.யில் உள்ள படம் ஒரே கோப்பாக இருப்பதில்லை. 'வீடியோ டி.எஸ்.' என்னும் கோப்புறைக்குள் ஒவ்வொன்றும் 1 கிகாபைட்டை மிகாத பல கோப்புகளாக அது பிரிக்கப்பட்டிருக்கும். காட்சிகளின் வரிசையையும் பட்டியலையும் குறிக்கும் சிறு கோப்புகளும் உடன் இருக்கும். அவற்றுள் ஒன்றை மட்டும் படியெடுத்தால் படத்தின் ஒரு துண்டே கிடைக்கும். கோப்புறை முழுவதையுமோ தகட்டின் முழுப் படிமத்தையுமோ எடுப்பதே முறையாகும்.

கொள்ளளவையும் கருத வேண்டும். இரட்டை அடுக்கு டி.வி.டி.யில் 8.5 கிகாபைட் வரை கொள்ளும். அதை 4.7 கிகாபைட் தகட்டில் அடக்க வேண்டுமெனில் காட்சியை மேலும் சுருக்க வேண்டும். சுருக்கும்போது தெளிவு குறையும். கணினியின் வன்தட்டில் சேமித்தால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம்.

எழுதும் வேகமும் கருதத்தக்கது. ஒற்றை வேகத்தில் ஒரு டி.வி.டி.யை எழுத ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பதினாறு மடங்கு வேகத்தில் சில நிமிடங்களே போதும். ஆயினும், தகட்டின்மீது குறிக்கப்பட்ட வேகத்தை மீறாமல் எழுதுவதும், எழுதியபின் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் தேவை. சரிபார்க்காத படியைப் படியெனக் கொள்ள இயலாது.

பூட்டும் உரிமையும்

படியெடுக்க இயல்வன எல்லாம் படியெடுக்கத் தக்கன ஆகா. விற்பனைக்கு வரும் டி.வி.டி.கள் பலவற்றில் மறையீட்டுப் பூட்டு உண்டு. உலகை ஆறு வணிக மண்டலங்களாகப் பிரிக்கும் மண்டலக் குறியீடும் உண்டு. இந்தியா ஐந்தாம் மண்டலத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்காவுக்கென வெளியிடப்பட்ட முதல் மண்டலத் தகடு, இங்கு விற்கப்படும் கருவியில் ஓடாமல் போகலாம். கணினி இயக்கிகளில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற இயலும். அதன்பின் இறுதியாகத் தேர்ந்த மண்டலமே நிலைத்துவிடும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஒரு திரைப்படம் வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அதற்குப் பதிப்புரிமை உண்டு. 2012இல் செய்யப்பட்ட திருத்தம், பதிப்புரிமையை மீறும் நோக்குடன் பாதுகாப்புப் பூட்டை உடைப்பதையும் குற்றமாக்கியது. ஒரு படத்தின் பின்னே நூற்றுக்கணக்கானோரின் உழைப்பு உள்ளது. திருட்டுத் தகடு அவ்வுழைப்பின் ஊதியத்தைப் பறிக்கிறது. தம் குடும்ப நிகழ்வுகளின் பதிவுகளைக் காக்கப் படியெடுப்பதும், பிறர் படைப்பை விற்கப் படியெடுப்பதும் செயலால் ஒன்றே ஆயினும் அறத்தால் வேறானவை.

தகட்டின் ஆயுள்

வெயிலும் வெப்பமும் ஈரமும் தகட்டின் சாயத்தையும் உலோகப்பூச்சையும் கெடுக்கின்றன. குறுந்தகட்டின் உலோகப்பூச்சு, பெயர் எழுதும் மேற்புறத்தை ஒட்டியே மெல்லிய பூச்சின்கீழ் உள்ளது. அதனால், படிக்கும் பக்கத்தில் விழும் கீறலைவிட மேற்புறத்தில் விழும் கீறலே மிகுந்த கேடு தரும். டி.வி.டி.யில் அப்பூச்சு இரு தகடுகளின் நடுவே பாதுகாப்பாக அமைந்துள்ளது. தகட்டை விளிம்பில் மட்டும் பிடிப்பதும், உறையிலிட்டு நிழலான இடத்தில் செங்குத்தாக வைப்பதும் நன்று.

தகடு கெடாமல் இருந்தாலும் கருவி மறையலாம். சோனி நிறுவனம் பதிவுசெய்யத்தக்க புளூரே தகடுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. இயக்கிகள் அரிதாகும் காலத்தில் அலமாரியில் உள்ள தகடு, படிக்கத் தெரிந்தவர் இல்லாத எழுத்தைப்போல் ஆகிவிடும். யு.எஸ்.பி. வழியாகக் கணினியுடன் இணைக்கும் வெளிப்புற இயக்கிகள் இன்னும் கிடைக்கின்றன. அவை கிடைக்கும் காலத்திலேயே தகட்டில் உள்ளவற்றை வன்தட்டுக்கு மாற்றி, மற்றொரு படியை வேறோர் இடத்திலும் வைப்பது அறிவுடைமை.

ஓலைச்சுவடி செல்லரிக்கும் முன் அதைப் புதிய ஓலையில் படியெடுத்தோர் தமிழர். சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்தது ஒரே ஓலை ஈராயிரம் ஆண்டுகள் அழியாதிருந்ததால் அன்று. தலைமுறைதோறும் ஒருவர் அமர்ந்து அதை மீண்டும் எழுதியதால். ஓலைக்குப் பொருந்திய அவ்வுண்மை ஒளித்தகட்டுக்கும் பொருந்தும். எந்தத் தகடும் தானே காப்பதில்லை. உரிய காலத்தில் படியெடுக்கும் கைகளே காக்கின்றன.