கறை பட்ட கியூஆரைக் கமரா எப்படி வாசிக்கிறது?

இலங்கையில் பலாங்கொடைப் பக்கம் கியூஆர் சதுரத்தை அறியாதவர் குறைவு. 2022இல் பெற்றோல் அடிக்கவே அதைக் காட்ட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களிலும் அது உண்டு: போனைக் காட்டினால் பாடத்தின் காணொளி திறக்கும்.

புத்தகத்தில் தேத்தண்ணி சிந்தினால்? பெரும்பாலும் பரவாயில்லை. ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழு 1994இல் இதை உருவாக்கியதே, அழுக்குப் படியும் கார் தொழிற்சாலைகளுக்காகத்தான். மூன்று மூலைச் சதுரங்களில் எதன் நடுவே எப்படிக் கோடு போட்டாலும் கறுப்பு வெள்ளை 1:1:3:1:1 என்றே வரும். அதைப் பிடித்துத்தான் கமரா திசையை அறிகிறது. ஆகவே மூலைகள் கெடக்கூடாது. மற்ற இடங்களில் தகவலோடு திருத்தக் குறிகளும் கலந்திருக்கும். அவற்றை நிறைய வைத்தால், சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம்.

தோட்டப் பாடசாலைக்குச் சிக்கல் வேறு: சிக்னல். சதுரத்துக்குள் இருப்பது காணொளி அல்ல, அதன் முகவரி மட்டுமே. ஆனால் எழுத்தையே உள்ளே அடைக்கலாம். திருத்தக் குறிகளைக் குறைத்தால் 2,953 பைட் வரை கொள்ளும். தமிழில் ‘க’வுக்கு 3 பைட், ‘கி’க்கு 6. ஒரு பயிற்சித்தாளின் விடைகளுக்கு அது தாராளம், டேட்டாவும் வேண்டாம். ஆசிரியர்களே, அச்சிடும்போது சுற்றிவர நான்கு கட்ட அகலம் வெள்ளை விடுங்கள்.