கேள்வி கேளாத பரிசோதனை

ஒரு ரசாயனப் பொருள் உயிரணுவுக்குள் புகுந்து என்ன செய்கிறது என்று அறிய முற்படுவோர், அது இன்ன புரதத்தைத் தடுக்கிறதா, இன்ன நொதியைத் தூண்டுகிறதா என்று ஒற்றைக் கேள்வியை முதலிலேயே வகுத்துக்கொண்டு அதற்கு மட்டும் விடை தேடுவதே நெடுங்கால வழக்கம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள பிராட் ஆய்வு நிலையத்தார் 2013-இல் விவரித்து, பின்னர் ‘செல் பெயின்டிங்’ என்று பெயரிட்ட முறையோ, கேள்வி எதையும் முன்வைக்காமல், உயிரணுவின் உருவம் முழுவதற்கும் வர்ணம் தீட்டிப் படமெடுத்து, நேர்ந்த மாறுதல்கள் யாவற்றையும் அளந்து வைத்துக்கொள்கிறது.

தீட்டும் வர்ணங்கள் ஆறு. அவற்றுள் மூன்றின் பூர்வோத்தரம் விசித்திரமானது. உயிரணுவைத் தாங்கிநிற்கும் ஆக்டின் இழைகளைப் பற்றிக்கொள்ளும் ஃபலாய்டின், உண்டவரைக் கொல்லும் ஒரு காளானின் நஞ்சுகளுள் ஒன்று. எண்டோபிளாச வலையைத் துலக்குவது வாளவரை இனத்து விதையின் புரதம். கோல்கி உறுப்பையும் புறச்சவ்வையும் காட்டுவது கோதுமை முளையின் புரதம். இவற்றோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்துவிடுகிறார்கள். எஞ்சிய மூன்று சாயங்கள் உட்கருவையும் ஆர்.என்.ஏ.யையும் மைட்டோகாண்ட்ரியாவையும் காட்டும்.

384 சிறு குழிகள் கொண்ட, உள்ளங்கையில் அடங்கும் தட்டில், 1964-இல் ஸ்வீடனில் ஒரு சிறுமியின் எலும்புக் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு இன்றளவும் பெருகிவரும் உயிரணுக்களைப் பரப்பி, குழிக்கொரு ரசாயனமாக இட்டு, ஓரிரு நாள் கழித்து இயந்திர நுண்ணோக்கி படமெடுக்க, கணினி ஒவ்வோர் உயிரணுவிலும் பரப்பு, வடிவம், ஒளிச்செறிவு என ஏறக்குறைய 1,500 அளவுகளைக் கணக்கிடுகிறது. பல மருந்து நிறுவனங்களும் ஆய்வு நிலையங்களும் கூடி, 1,16,000-க்கு மேற்பட்ட சேர்மங்களுக்கு இவ்வாறு எடுத்த படங்களை எவரும் எடுத்தாளலாம் என்று பொதுவில் வைத்துவிட்டன.

இதன் சூட்சுமத்தை நமக்குத் தெரிந்த இரண்டு செடிகளைக் கொண்டே காட்டலாம். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் பயிராகும் கண்வலிக்கிழங்கின் விதையில் கிடைக்கும் கோல்சிசினும், வீட்டு முற்றத்து நித்தியகல்யாணி தரும் வின்பிளாஸ்டினும், உயிரணுவுக்குள் நுண்குழல்கள் உருவாக விடாமல் தடுப்பவை. ஆறு வர்ணங்களில் ஒன்றேனும் நுண்குழலைத் தீண்டுவதில்லை. ஆயினும் நுண்குழல் குலைந்ததால் உட்கரு துணுக்குகளாகச் சிதைந்து, மற்ற உறுப்புகளும் இடம்பெயர்ந்துவிடும் அந்த லட்சணத்தைக் கொண்டே இவ்விரண்டையும் ஒரே குலத்தில் சேர்த்துவிடலாம். முன்பின் அறியாத சேர்மம் ஒன்று அதே கோலத்தை உண்டாக்குமாயின், அதன் தொழிலும் அதுவாக இருக்கலாம் என்று சந்தேகிக்கக் காரணம் கிடைக்கிறது. சந்தேகந்தான், நிரூபணம் அன்று.

ஓர் உபாதையும் உண்டு. தட்டின் ஓரக் குழிகளில் நீர் சற்று விரைவாக ஆவியாவதால் அங்குள்ள உயிரணுக்கள் தாமாகவே உருமாறி, ஒன்றும் இடாத குழியும் மருந்திட்டதுபோல் கணினிக்குத் தோன்றிவிடும். ஆகையால் மருந்திடாத குழிகளைத் தட்டின் பல இடங்களிலும் தூவினாற்போல் வைத்து, மற்றவற்றையெல்லாம் அவற்றோடு ஒப்பிட்டே பார்க்கிறார்கள்.