உமிழ்நீரும் மருந்தும்

புளியங்காயை எண்ணிய மாத்திரத்தில் வாயில் நீர் ஊறுகிறதன்றோ? காய் நாவில் படவில்லை. மூளையிலிருந்து நரம்பின் வழியே ஒரு செய்தி மட்டுமே வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்பாடத்தை வகுப்பில் நடத்திய நான், அந்நீரின் அருமையை அறுபத்து நான்காம் வயதில்தான் உணர்ந்தேன்.

காதின் முன்புறம் ஓர் இணை, கீழ்த்தாடையின் அடியில் ஓர் இணை, நாவின் கீழ் ஓர் இணை என உமிழ்நீர்ப் பெருஞ்சுரப்பிகள் மூவிணை உள்ளன. முதல் இணைக்கு ஒன்பதாவது மூளை நரம்பும், மற்ற இரண்டுக்கும் ஏழாவது மூளை நரம்பும் செய்தி கொணர்கின்றன. நரம்பின் நுனியில் வெளிப்படும் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் சுரப்பியைத் தூண்டுகிறது. இவ்வாறு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. கிருமிகளை அழிக்கும் லைசோசைம் அதில் கலந்துள்ளது. 1928-இல் பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங்கே, 1922-இல் லைசோசைமையும் உலகுக்கு அறிவித்தார்.

இனி, எனக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்தது. மருத்துவரிடம் செல்லச் சோம்பி, மருந்துக் கடையில் நானே கேட்டு இருவகை மாத்திரைகள் வாங்கினேன். ஒன்று அமாக்சிசிலின் என்னும் எதிருயிரி, அதாவது ஆன்டிபயாடிக். மற்றொன்று மூக்கொழுகலைக் குறைக்கும் குளோர்பெனிரமின். இரண்டாம் நாளே நா வறண்டது. சோற்றை விழுங்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. ஆறாம் நாள் நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் படிந்தாற்போல வெண்படலம் தோன்றியது.

பிறகு சென்று பார்த்த மருத்துவர் காரணத்தை விளக்கினார். வறட்சியைத் தந்தது குளோர்பெனிரமின். அது அசிட்டைல்கோலின் கொணரும் செய்தியைச் சுரப்பி ஏற்காதவாறு தடுக்கிறது. வெண்படலமோ கேண்டிடா என்னும் பூஞ்சை. வாயில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்கள் அதனை அடக்கி வைத்திருந்தன. அமாக்சிசிலின் நண்பர், பகைவர் என்று பாராமல் அவற்றை அழிக்கவே, பூஞ்சை தலைதூக்கியது. உமிழ்நீர் குறைந்தது அதற்கு மேலும் துணையாயிற்று. சளியை உண்டாக்கும் வைரசிடம் எதிருயிரி செல்லாது. நான் எய்த அம்பு, திருடனைத் தொடாமல் காவற்காரனை வீழ்த்திவிட்டது!

எதிருயிரிகள் யாவும் ஒரே வகையில் தீங்கு செய்வன அல்ல. உமிழ்நீர்ச் சுரப்பியை அவை நேரே தாக்குவது அரிது. மெட்ரோனிடசோல் உமிழ்நீரில் கலந்து நாவில் உலோகச் சுவையை உண்டாக்கும். நெடுநாள் உட்கொண்டால் கைகால் நரம்புகள் நலிந்து மரத்துப்போதலும் உண்டு. 1943-இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயாளர் பலரைக் காத்தது. ஆயினும் சிலருடைய உட்செவியைச் சிதைத்துக் கேள்வியையும் உடலின் நிலைப்பாட்டையும் குலைத்தது.

இவற்றைக் கேட்டு எதிருயிரியை வெறுத்துவிட வேண்டா. உயிர் காக்கும் வேளையில் அதற்கு நிகர் அதுவே. மருத்துவர் தந்தால், சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உட்கொள்ளுங்கள். குறைந்த அளவில் உண்டால் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று, 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது பிளெமிங்கே எச்சரித்தார். மருந்துண்ணும் காலத்தில் வாய் வறண்டாலும், படலம் தோன்றினாலும், காதில் இரைச்சல் கேட்டாலும் உடனே மருத்துவரிடம் கூறுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் என்னைப் போல் தாமாகவே மருந்துக் கடைக்குப் புறப்பட்டால், அன்போடு கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.