விரைவும் வரம்பும்

மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, அவற்றின் விரைவுக்கு வரம்பு கட்டும் கடமை அரசுக்கு உண்டாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கடமையைப் பெரும்பாலும் மாநிலங்களே மேற்கொண்டுள்ளன. அவற்றுள் முதன்முதல் இத்தகைய சட்டம் இயற்றியது கனெக்டிகட் மாநிலம். நகரங்களில் மணிக்கு 12 மைலும், நாட்டுப்புறச் சாலைகளில் 15 மைலும் அது 1901-ஆம் ஆண்டில் விதித்த வரம்புகளாகும்.

இவ்வரம்பு எதற்கு? விரைவு இருமடங்காயின், பிரேக்கை அழுத்தியபின் வண்டி ஓடி நிற்கும் தொலைவு ஏறத்தாழ நான்மடங்காகும். ஆதலின், ஒருவன் விரும்பும் விரைவு பிறனொருவன் உயிருக்கு இறுதியாதலும் கூடும். இதுபற்றியே ஒறுப்பும் கடுமையாயிற்று. வர்ஜீனியா மாநிலத்தில், வரம்பை 20 மைல் மீறி ஓட்டுபவருக்கு 12 திங்கள் வரை சிறையும், 2,500 டாலர் வரை தண்டமும் விதிக்கலாம்.

ஆயினும், ஒறுக்கும் சட்டம் தெளிவுடையதாதல் வேண்டும். நடுவணரசு 1974-இல் விதித்த நாடளாவிய வரம்பு 1995-இல் நீங்கியது. அதன்பின் மான்டானா மாநிலத்தில், பகற்பொழுதில் இடமும் நிலையும் நோக்கித் தக்க விரைவில் செல்க என்பதே விதியாயிருந்தது, எண் குறிக்கப்படவில்லை. 85 மைல் விரைவில் சென்ற ஒருவர் அவ்விதியின்படி குற்றவாளியாக்கப்பட்டார். அவர் முறையிடவே, எவ்விரைவு குற்றமாகும் என்று தெளிவுறக் கூறாத அவ்விதி செல்லாது என 1998-இல் அம்மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளுக்கு 75 மைல் என வரம்பு வகுக்கப்பட்டது.

குற்றம் இதுவென முன்னர் விளங்கக் கூறிப் பின்னர் ஒறுத்தல் அரசின் கடமை. கூறிய வரம்பைப் பிறர் உயிரின் பொருட்டுப் பேணுதல் வண்டி ஓட்டுவோர் கடமை.