கொச்சியில் அச்சேறிய தமிழ்

"கேரளத்துல இருந்துக்கிட்டு, தமிழ் எழுதப் படிச்சு என்ன ஆகப் போவுது?" மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதற்குப் பதில் நாம் நடந்து போகிற தூரத்திலேயே, கோட்டைக் கொச்சியில் இருக்கிறது.

இஞ்ஞாசியார் தோற்றுவித்த இயேசு சபை 1540-இல் போப்பாண்டவரின் ஒப்புதல் பெற்றது. 1548-இல் இத்தாலியின் மெசீனா நகரில் கல்லூரி தொடங்கியது முதல் கல்வி இச்சபையின் முக்கியப் பணியாயிற்று. திருச்சி தூய வளனார் கல்லூரி, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, சென்னை லயோலா கல்லூரி எல்லாம் இவர்கள் நடத்துபவைதாம்.

1542-இல் இந்தியா வந்த பிரான்சிஸ் சவேரியார், முத்துக்குளித்துறையில் செபங்களை மற்றவர் துணையோடு தமிழாக்கி, மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தார். 1546-இல் வந்த போர்த்துக்கீசியரான அண்டிரிக் அடிகளார் அதோடு நிற்கவில்லை. துபாஷி வேண்டாம் என்னும் அளவுக்குத் தமிழ் கற்றார். பின்னால் வரும் பாதிரிமார் கற்பதற்காகப் போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணமும் எழுதினார். பிறருக்குக் கற்பிக்க வேண்டுமானால், முதலில் அவர்கள் மொழிக்குத் தாம் மாணவராக வேண்டும் என்பதே அவர் கண்ட வழி.

அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். மறு ஆண்டு, 1579 நவம்பர் 14-இல், நம்ம கொச்சியில் இச்சபையாரின் கல்லூரியில் 'கிரீசித்தியானி வணக்கம்' அச்சேறியது. மார்க்கோஸ் ஜோர்ஜ் என்பவரின் போர்த்துக்கீசிய நூலைத் தழுவி, வினா விடையாக அமைந்த நூல் அது. எழுத்தறிந்த ஒருவர் கேட்க, மற்றவர் விடை சொல்லிப் பழக ஏற்ற அமைப்பு. ஏட்டுச்சுவடியும் எழுத்தாணியுமாக இருந்த காலத்தில், ஒரே பாடம் பல பிரதிகளாக வந்தது எத்தனை பெரிய மாற்றம்!

1663-இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தார்கள். சபையாரின் கல்லூரி அத்தோடு முடிந்தது. ஆனால் தமிழ் அச்சு வரலாற்றில் கொச்சியின் பெயர் அழியவில்லை.

நம் மதம் எதுவானாலும், இது நம் மொழியின் கதை. கடல் கடந்து வந்தவர் அ, ஆ-விலிருந்து தொடங்கிக் கற்றார். நம்ம பிள்ளைகளுக்கோ பேச்சு வீட்டிலேயே இருக்கிறது, எழுத்துதான் பாக்கி. தினம் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அதுவும் வந்துவிடும். "என்ன ஆகப் போவுது?" என்று கேட்கும் பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக் கொச்சிக்குக் கூட்டிட்டுப் போய், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.