எல்லாருக்கும் கேக்குதா?

ஆசிரியரும் மாணவர்களும் வெவ்வேறு இடங்களில் இருந்துகொண்டு ஒரே நேரத்தில் கூடுவது நேரலை இணைய வகுப்பு. பேச்சுவழக்கில் 'ஆன்லைன் கிளாஸ்' என்றால் யூடியூபில் ஏற்றிய பாடம், வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடம் எல்லாமே அதில் அடங்கிவிடுகின்றன. நேரலை வகுப்பு அவற்றிலிருந்து ஒரே ஒரு விஷயத்தில் வேறுபடுகிறது: கேட்ட கேள்விக்கு அதே நிமிடத்தில் பதில் கிடைக்கும். அந்த வசதியைப் பயன்படுத்தாவிட்டால், முப்பது பேரைக் காலை ஒன்பது மணிக்கு ஒன்றாக உட்கார வைப்பதில் அர்த்தமில்லை. பதிவு செய்த காணொளியை அவரவர் வசதிப்படி நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதே மேல்.

கேள்வி பதிலுக்கு இடம் வேண்டும் என்பது இணையத்துக்கு முந்தைய பாடம். ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951இல் வானொலிப் பள்ளி ஒன்று தொடங்கியது. பள்ளிக்கூடமே எட்டாத கால்நடைப் பண்ணைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கானது அது. காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கிப் பேசும் வானொலிப் பெட்டிகள் ஏற்கெனவே மருத்துவரை அழைப்பதற்காக அந்தப் பண்ணைகளுக்கு வந்திருந்தன. பறக்கும் மருத்துவச் சேவையின் அதே அலைவரிசைதான் வகுப்பறையானது. தொடக்கத்தில் ஆசிரியர் பேசினார், பிள்ளைகள் கேட்டார்கள், அவ்வளவுதான். சீக்கிரமே ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்வி பதிலுக்கு நேரம் ஒதுக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் கல்விக்கென்றே செய்யப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் வகுப்பறைகளில் இரண்டு ரகம் இருந்தன. ஒன்றில் பார்க்க மட்டும் முடியும். மற்றொன்றில் திருப்பிக் கேள்வியும் கேட்கலாம். புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு சொல் மேலே போய்க் கீழே வர ஏறக்குறைய கால் வினாடி பிடிக்கும். கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை வினாடி. கேட்க அற்பமாகத் தோன்றினாலும், இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடி இருவரும் தொடங்கும் குழப்பத்துக்கு அது போதும்.

இப்போது வகுப்பு நடப்பது பெரும்பாலும் கைப்பேசியில். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் தன் படத்தை மற்ற 39 பேருக்கும் தனித்தனியாக அனுப்புவதென்றால் எந்த வீட்டு இணைப்பும் தாங்காது. ஆகவே ஒவ்வொருவரும் நடுவில் இருக்கும் சர்வருக்கு ஒரு முறை அனுப்ப, அது எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. பேசுகிறவர் முகம் பெரிதாக வரும், மற்றவர்கள் சிறு கட்டங்களில் அடங்குவார்கள். குரலுக்கு வினாடிக்கு நூறு கிலோபிட்டுக்கும் குறைவாகவே போதும்; படத்துக்கு அதுபோலப் பல மடங்கு வேண்டும். அதனால்தான் சிக்னல் மெலிந்தால் முகம் முதலில் மங்குகிறது, பிறகு உறைகிறது, குரல் மட்டும் இழுத்துப் பிடித்து நிற்கிறது. 'உங்க குரல் விட்டு விட்டு வருது மிஸ்' என்று ஒரு பிள்ளை சொன்னால், எல்லாரும் கேமராவை அணைப்பதுதான் முதல் வைத்தியம்.

ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்றவை அடிப்படையில் அலுவலகக் கூட்டங்களுக்காகப் பிறந்தவை. அவற்றில் வகுப்பு நடத்துவது கல்யாண மண்டபத்தில் பள்ளிக்கூடம் வைப்பது போல. இடம் தாராளமாக இருக்கும், கரும்பலகையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய பிக்புளூபட்டன் என்ற கட்டற்ற மென்பொருள் வகுப்புக்கென்றே எழுதப்பட்டது. எந்தச் செயலியானாலும் வாசலில் காத்திருப்பு அறை, மைக், கையுயர்த்தும் பொத்தான், எழுதிக் கேட்க சாட், திரைப் பகிர்வு, சிறு குழுக்களாகப் பிரியத் தனி அறைகள் ஆகியவை ஏதோ ஒரு வடிவில் இருக்கும். காத்திருப்பு அறையை அலட்சியப்படுத்தக் கூடாது. 2020இல் அழையா விருந்தாளிகள் வகுப்புகளுக்குள் நுழைந்து ஆபாசப் படம் காட்டியதை அடுத்துத்தான் ஜூம் அதையும் கடவுச்சொல்லையும் தானாகவே இயங்கும்படி மாற்றியது. வகுப்பின் இணைப்பைப் பொதுக் குழுக்களில் போடாமல் இருப்பது அதைவிட நல்ல பூட்டு.

ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது, இரண்டாவது கைப்பேசியில் மாணவராக நுழைந்து தன் வகுப்பைத் தானே பார்ப்பது. கணினியில் தெளிவாகத் தெரிந்த எழுத்து, ஆறு அங்குலத் திரையில் எறும்பு வரிசையாகத் தெரியும். ஒரே அறையில் இரண்டு கருவிகள் திறந்திருந்தால் ஒன்றின் ஒலிபெருக்கியை மற்றதன் மைக் பிடித்துக் காதைக் கிழிக்கும் ஊளை எழும்பும் என்பதும் அப்போதே புரிந்துவிடும். அண்ணனும் தங்கையும் அடுத்தடுத்து உட்கார்ந்து படிக்கும் வீடுகளில் ஹெட்போன் ஆடம்பரமல்ல.

மாணவர்களுக்கான முதல் வகுப்பில் பாடமே வேண்டாம். அன்றைய பாடம் வகுப்பறைதான். பெயரைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ சரியாகப் பதிவது (இல்லையென்றால் வருகைப் பட்டியலில் அப்பாவின் பெயரும் கைப்பேசி மாடலின் பெயரும்தான் நிறைந்திருக்கும்), மைக்கைத் திறந்து 'உள்ளேன் ஐயா' சொல்லி மூடுவது, கையுயர்த்தி இறக்குவது, சாட்டில் ஒரு சொல் எழுதுவது, வேண்டுமென்றே வெளியேறி மறுபடி நுழைவது. கடைசிப் பயிற்சி விளையாட்டாகத் தோன்றும். ஆனால் நெட் அறுந்தால் திரும்பி வரலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்று ஒரு முறை தெரிந்துகொண்ட பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது நேரடி வகுப்பிலேயே கடினம். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று வினாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, பதில் சொல்வோரும் கூடுகிறார்கள் என்று அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். இணைய வகுப்பில் குரல் வந்துசேரும் தாமதம் உண்டு. மாணவர் மைக் பொத்தானைத் தேடும் நேரமும் அதோடு சேர்கிறது. மூன்று வினாடி எப்படிப் போதும்? மனத்துக்குள் பத்து வரை எண்ணுவதே சரி. 'எல்லாருக்கும் கேக்குதா, புரியுதா?' என்று பொதுவாகக் கேட்பதைவிட, 'விடை அ-வா ஆ-வா, சாட்டில் போடுங்க' என்று கேட்டால், வாய் திறக்கக் கூசும் கடைசி பெஞ்சுக்காரரும் பதில் சொல்வார்.

கேமரா விஷயத்தில் கெடுபிடி வேண்டியதில்லை. டேட்டா ஒரு காரணம், வீட்டின் நிலை இன்னொன்று. ஒற்றை அறை வீட்டில் பின்னால் அடுப்பு எரிவதை வகுப்பு முழுக்கப் பார்ப்பதை எந்தப் பிள்ளையும் விரும்பாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021இல், காணொளிக் கூட்டங்கள் ஏன் இவ்வளவு களைப்பூட்டுகின்றன என்பதற்குச் சில காரணங்களை முன்வைத்தார். இடைவிடாமல் பல கண்கள் நெருக்கத்தில் உற்றுப் பார்ப்பது, தன் முகத்தையே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார வேண்டியிருப்பது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. தன் படத்தைத் தன் திரையில் மட்டும் மறைக்கும் வசதி பல செயலிகளில் உண்டு. முதல் நாளே காட்டிக்கொடுக்கலாம்.

நேரத்துக்கும் வரம்பு உண்டு. மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டி, 1 முதல் 8ஆம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றும், 9 முதல் 12 வரை நான்குக்கு மேல் கூடாது என்றும் பரிந்துரைத்தது.

ஆசிரியரின் இணைப்பே அறுந்துபோகும் நாளும் வரும். அதற்காக இன்னொரு ஆசிரியரையோ பொறுப்பான மாணவரையோ முன்கூட்டியே துணை நடத்துநராக நியமித்துவிட்டால் வகுப்பு கலையாது. ஐந்து நிமிடத்தில் ஆசிரியர் திரும்பாவிட்டால் பாடநூலில் எந்தப் பக்கத்துக் கணக்கைப் போடுவது, பதிவை எங்கே பார்ப்பது என்பதையும் முதல் வகுப்பிலேயே சொல்லி, நோட்டின் உள்ளட்டையில் எழுத வைத்துவிடலாம்.