மக்காச்சோளமும் எரிசாராயமும்

மக்காச்சோளத்தை விளைவிக்கும் குடியானவர்கள் நெடுங்காலமாகக் கோழித் தீனிக்காரரையும் ஸ்டார்ச் ஆலைக்காரரையுமே நம்பி வந்தனர். இப்பொழுது பெட்ரோலுடன் கலப்பதற்கான எத்தனால் என்னும் எரிசாராயத்தை வடிக்கும் ஆலைகளும் அத்தானியத்தை வாங்க முன்வந்துள்ளன. இதனால் விளையும் நன்மை தீமைகளை நிலமுடையோர் நன்கறிதல் அவசியம்.

பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் சேர்ப்பதை 2025-26-க்குள் நிறைவேற்ற இந்திய சர்க்கார் 2022-ல் நிச்சயித்தது. அதுகாறும் கரும்பே இதற்குப் பிரதானமாக இருந்தது. 2023-ல் மழை குறைந்தமையால், சர்க்கரைக்கு முடை நேராதிருக்கும் பொருட்டு, கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் வடிப்பது அவ்வாண்டு டிசம்பரில் கட்டுப்படுத்தப்பட்டது. 2024 ஜனவரியில் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டர் ஒன்றுக்கு ரூ. 71.86 என விலை உயர்த்தப்பட்டது. ஆலைகள் மக்காச்சோளத்தை நாடின. முன்பு ஏற்றுமதி செய்து வந்த நாடு 2024-ல் இறக்குமதி செய்யலாயிற்று.

பெரம்பலூர் ஜில்லாவின் குடியானவருக்கு இது அனுகூலமே. நாமக்கல் கோழிப் பண்ணையாருக்கோ இது பெருஞ்சுமை. முட்டைக் கோழித் தீனியில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளமாதலால், அதன் விலையேற்றம் முட்டை விலையிலும் பிரதிபலிக்கும்.

ஆயினும் ஆலைக்குச் செல்லும் தானியம் முழுவதும் தீனிக்கு நஷ்டமன்று. ஒரு டன் தானியத்திலிருந்து சுமார் 380 லிட்டர் எத்தனாலும், சுமார் 300 கிலோ உலர்ந்த சக்கையும் கிடைக்கின்றன. மாச்சத்து மட்டுமே சாராயமாக மாறுகிறது. புரதமும் கொழுப்பும் நாரும் சக்கையில் ஏறக்குறைய மும்மடங்காகச் செறிகின்றன. இச்சக்கை மலிவாகக் கிடைக்குங்கால் தீனிக்காரர் சோயாப் பிண்ணாக்கைக் குறைக்கின்றனர். அதனால் சோயா பயிரிடுவோருக்கு விலை தாழ்கிறது. பூஞ்சணம் பிடித்த தானியத்திலுள்ள அப்ளாடாக்ஸின் விஷமும் அவ்வாறே மும்மடங்காகச் செறிவதால், அச்சக்கை கால்நடைகளுக்குக் கேடு விளைவிக்கும்.

அமெரிக்காவின் அனுபவம் கவனிக்கத் தக்கது. அங்கே 2005, 2007-ம் ஆண்டுகளின் சட்டங்கள் எத்தனால் உபயோகத்தைக் கட்டாயமாக்கின. 2012-ல் கடும் வறட்சி நேர்ந்தபோதும் அக்கட்டாயம் தளர்த்தப்படவில்லை. சுமார் 25 கிலோ கொண்ட ஒரு புஷல் 8 டாலருக்கு மேல் ஏறிற்று. கால்நடை வளர்ப்போர் பெரிதும் வருந்தினர். விளைச்சல் பெருகிய 2014-ல் அதே புஷல் 4 டாலருக்குக் கீழே இறங்கிற்று.

ஆகவே இப்பயிரின் விலை மழையை மட்டுமன்றி, சர்க்கார் உத்தரவுகளையும் பொறுத்தது. உதாரணமாக, சர்க்கார் கிடங்கு அரிசியை ஆலைகளுக்குக் கொடுப்பது 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டுப் பின்னர் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அரிசி கிடைத்தால் மக்காச்சோளத்தின் கிராக்கி குறையும். 2025-26-க்குக் குவிண்டாலுக்கு ரூ. 2,400 ஆதரவு விலையாக அறிவிக்கப்பட்டது. எனினும் கொள்முதல் செய்வோர் இல்லாவிடத்து அறிவிப்பு மட்டும் பயன் தராது.

ஒரு வருஷத்து விலையைக் கண்டு நிலம் முழுவதையும் மக்காச்சோளத்திற்கு விடுதல் விவேகமன்று. வீட்டு மாடுகளுக்குத் தீவனச் சோளமும், ஆகாரத்திற்குத் தானியமும் பயறும் ஓரளவு நிலத்தில் இருத்தல் நலம். கதிரை நன்கு முற்றவிட்டு அறுத்து, ஈரம் 14 சதவிகிதத்திற்கு மேற்படாமல் மணியை உலர்த்தி வைப்போர், ஆலைக்காரரிடமும் தீனிக்காரரிடமும் விலை விசாரித்து விற்கலாம். கிராம அதிகாரிகள் சாகுபடிப் பரப்பை அடங்கலில் சரியாகப் பதிதல் வேண்டும். பரப்பு தெரியாவிடில் வரவிருக்கும் முடையையோ மலிவையோ எவரும் முன்னறிதல் இயலாது.